ஸ்ரீரங்கப்பட்டணமும் அருவங்காடும்: தென்னாட்டு ஆயுத உற்பத்தியில் ஒரு நூற்றாண்டு இடைவெளி

மைசூரிலிருந்து தெற்கே அறுபது கிலோமீட்டர் வந்தால் குண்டலுபேட்டை. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்து, பிறகு சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போன ஊர். செண்டுமல்லி வயல்களைப் பார்க்க வண்டியை நிறுத்துகிறவர்கள் உண்டு; மற்றவர்களுக்கு ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் போகும் வழியில் டீ குடிக்கும் இடம். இங்கே சாலை பிரிகிறது. ஒன்று சுல்தான் பத்தேரிக்குப் போகிறது. மற்றொன்று பந்திப்பூர், முதுமலைக் காடுகளைக் கடந்து நீலகிரி ஏறி உதகைக்கும், அதற்குக் கீழே குன்னூர்ப் பாதையில் அருவங்காட்டுக்கும் போகிறது.

தென்னிந்திய ஆயுத உற்பத்தியின் வரலாற்றைப் படிக்க இதைவிட வசதியான சாலை கிடையாது. குண்டலுபேட்டைக்கு வடக்கே எழுபத்தைந்து கிலோமீட்டரில் ஸ்ரீரங்கப்பட்டணம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் இரும்புக்கூடு ராக்கெட்டுகளைக் குவித்து வைத்திருந்த கோட்டை அது. தெற்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில் அருவங்காடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து புகையில்லா வெடிமருந்து காய்ச்சும் ஊர். சுல்தான் பத்தேரியின் பழைய சமணக் கோயிலைத் திப்புவின் படை வெடிமருந்துக் கிடங்காக்கிக்கொண்டது என்பதை வயநாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குண்டலுபேட்டை ஆயுதம் செய்த ஊரல்ல. செய்தவர்களுக்கு நடுவே இருந்த ஊர்.

இவ்வளவு நெருக்கமான இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏதாவது தொழில் தொடர்ச்சி உண்டா என்பதுதான் கேள்வி. ‘திப்புவின் ராக்கெட்டிலிருந்து இஸ்ரோ வரை’ என்று மேடையில் ஒரே மூச்சில் பேசிவிடுகிறோம். சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால் நடுவில் நூறு ஆண்டுகளுக்குக் கண்ணியே இல்லை. அது தானாக அறுந்ததல்ல, அறுக்கப்பட்டது என்பதே என் முடிவு.

முதலில் ராக்கெட். வாணம் விடுவது இந்தியாவுக்கோ சீனாவுக்கோ பதினெட்டாம் நூற்றாண்டில் புதிதல்ல. காகிதத்திலோ மூங்கிலிலோ கூடு செய்து, கருமருந்து அடைத்து, குச்சி கட்டி விடுவதை எல்லாத் திருவிழாவிலும் செய்துகொண்டிருந்தார்கள். மைசூர் செய்த மாற்றம் கூட்டில். ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்துக் கொல்லர்கள் மெல்லிரும்புத் தகட்டை அடித்து உருளையாக்கினார்கள். காகிதக் கூட்டில் மருந்தை இறுக்கி அடைத்தால் கூடு கிழிந்துவிடும். இரும்பு தாங்கும். உள்ளே அழுத்தம் கூடக்கூடப் பின்வாய் வழியே வாயு வேகமாகச் சீறும். வாணம் தூரம் போகும். ஆயிரம் கெஜத்தைத் தாண்டிப் பறந்தவை உண்டு.

லண்டனையடுத்த வூலிச்சின் பீரங்கிப்படை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்த இரண்டு மைசூர் ராக்கெட்டுகளின் அளவுகள் பதிவாகியிருக்கின்றன. ஒன்றின் கூடு பத்து அங்குல நீளம், 2.3 அங்குல விட்டம். மூன்றேகால் அடிக்குச் சற்று மேற்பட்ட வாள் அலகோடு தோல்வாரால் கட்டியது. மற்றொன்று எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, 1.5 அங்குல விட்டம். ஆறடிக்கு மேற்பட்ட மூங்கிலோடு கட்டியது. விண்வெளிப் பொறியியலாளர் ரோத்தம் நரசிம்மா 1980-களில் இவற்றை ஆராய்ந்து எழுதியபோதுதான் இந்தத் தொழில்நுட்பம் பெருமைப் பேச்சிலிருந்து கணக்குக்குள் வந்தது.

படையமைப்பிலும் அதற்கு இடம் இருந்தது. திப்புவின் படைநூலான ‘ஃபத்ஹுல் முஜாஹிதீன்’ ராக்கெட் வீரர்களைப் படைப்பிரிவுகளின் உறுப்பாகவே பேசுகிறது. 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சிபுரத்தருகே புள்ளலூரில் கர்னல் பெய்லி தலைமையிலான கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மைசூர்ப் படையிடம் அழிந்தது. பல்லவர்களும் சாளுக்கியர்களும் மோதிய அதே புள்ளலூர்தான். அன்றைய சண்டையின் திருப்புமுனை, கம்பெனிப் படையின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தது. ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா என்று இன்னும் வாதாடுகிறார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தச் சண்டை முழுவதும் தீட்டப்பட்டிருக்கிறது. 1799 ஏப்ரலில் சுல்தான்பேட்டைத் தோப்பில் இரவுத் தாக்குதலுக்குப் போன ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் நெப்போலியனை வென்ற அதே வெலிங்டன் பிரபு, இருட்டில் ராக்கெட்டும் துப்பாக்கியும் சேர்ந்து பொழிய, பின்வாங்கித்தான் வந்தார்.

ஆயுதத்தைவிட எனக்குச் சுவையாக இருப்பது அதன் சரக்குக் கணக்கு. கருமருந்து மூன்று பொருளால் ஆனது: வெடியுப்பு, கரி, கந்தகம். ஐரோப்பியக் கலவையில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இந்த மூன்றும் மூன்று வேறு உலகங்களிலிருந்து வரவேண்டும்.

வெடியுப்பு மண்ணிலிருந்து வந்தது. மாட்டுத் தொழுவம், பழைய மண்சுவர், ஊர்க்கோடி உவர்நிலம் ஆகியவற்றில் பூக்கும் உப்பை வழித்து, நீரில் கரைத்து, வடித்துக் காய்ச்சி எடுப்பார்கள். தமிழ்நாட்டில் உப்பிலியர், கன்னட நாட்டில் உப்பாரர் என்று இதற்கென்றே குடிகள் இருந்தார்கள். கரிக்கு மரம் பொறுக்கவேண்டும். வைரம் பாய்ந்த மரத்தின் கரி மெதுவாக எரியும், மருந்துக்கு ஆகாது. எருக்கும் துவரைமாரும்தான் தென்னாட்டில் கைகண்டவை. குண்டலுபேட்டைப் பக்கத்து மேட்டுநிலங்களில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. கந்தகம் மட்டும் இந்த மண்ணில் இல்லை. கடல் கடந்து வரவேண்டும். மஸ்கட்டில் திப்பு வணிகக் கிடங்கு வைத்ததற்கு மிளகும் சந்தனமும் மட்டுமா காரணம் என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்தக் கணக்கோடு 1792-ஐப் பார்க்க வேண்டும். மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் திப்பு நாட்டில் பாதியை இழந்தார் என்று பாடப்புத்தகம் சொல்லும். எந்தப் பாதி? இரும்பு உருக்கிய சேலம், பாராமகால். கள்ளிக்கோட்டையும் மலபார்க் கரையும். திண்டுக்கல். சேலத்து எஃகும் மலபார்த் துறைமுகங்களும் ஒரே கையெழுத்தில் போயின. அதற்குப் பிறகும் ஏழு ஆண்டுகள் ஆயுதம் செய்தார் என்பதே வியப்பு.

1799 மே 2-ஆம் தேதி பிரிட்டிஷ் குண்டு ஒன்று கோட்டைக்குள் ராக்கெட் கிடங்கைத் தாக்கி வெடிக்க வைத்தது. மே 4-ஆம் தேதி கோட்டை விழுந்தது. பிடிபட்டவற்றின் பட்டியலாக நூல்களில் வழங்குவது இது: ஏவுதாங்கிகள் 600, பயன்படுத்தத் தயாராக இருந்த ராக்கெட்டுகள் 700, காலிக் கூடுகள் 9,000. இந்தப் பட்டியலைப் பலரும் மைசூரின் பலத்துக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். எனக்கு அது பலவீனத்தின் சான்றாகவும் தெரிகிறது. கூடு ஒன்பதாயிரம், மருந்து அடைத்தது எழுநூறு. ராக்கெட்டை முன்கூட்டி அடைத்து வைத்தால் ஈரம் கோத்துக் கெடும் என்பதால் காலியாக வைத்திருக்கலாம். ஆனால் முற்றுகையின் கடைசி நாளிலும் காலியாகவே கிடந்தால், தட்டுப்பாடு இரும்பில் அல்ல, மருந்தில் இருந்திருக்கலாம்.

சிவமொக்கா மாவட்டம் நகரத்தில், அதாவது பழைய பிதனூரில், 2018-இல் ஒரு பாழ்கிணற்றிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் ராக்கெட்டுகளைத் தொல்லியல் துறையினர் எடுத்தார்கள். அதற்கு முன்பே அங்கே நூற்றுக்கு மேல் கிடைத்திருந்தன. ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூர், சித்ரதுர்க்கம், பிதனூர் எனப் பல இடங்களில் பட்டறைகள் ஓடியிருக்கின்றன. கொல்லர் கைக்குக் கை அளவு மாறும். ஆயுதத்துக்கு இது பெரிய குறை.

அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டவர் வில்லியம் காங்கிரீவ். வூலிச் ஆயுதச்சாலையில் 1804-ஐ ஒட்டி அவர் ராக்கெட் வேலையைத் தொடங்கினார். மைசூருக்கு அவர் எவ்வளவு கடன்பட்டவர் என்பதில் சர்ச்சை உண்டு; 1803-இல் டப்ளினில் கிளர்ந்த ராபர்ட் எம்மெட்டின் ஆட்கள் செய்த வாணங்களைப் பார்த்துக் கற்றார் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது எப்படியானாலும் அவர் செய்தது கண்டுபிடிப்பைவிட ஒழுங்குபடுத்தல். எடைவாரியாக அளவுகள், ஒரே கலவை, எந்திரத்தில் மருந்தை இறுக்குதல், சோதனைத் திடல், எழுதிவைத்த அட்டவணை. 1806-இல் பூலோன், 1807-இல் கோபன்ஹேகன், 1814-இல் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகம் ஆகியவற்றின் மேல் அவை பொழிந்தன. மைசூர் ராக்கெட் செய்தவர் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. காங்கிரீவின் பெயர் ஆயுதத்துக்கே பெயரானது.

இந்த வேற்றுமை திப்புவோடு தொடங்கியதுமல்ல. தஞ்சாவூரில் பீரங்கி மேட்டில் கிடக்கும் ராஜகோபால பீரங்கியை நினைத்துக்கொள்ளலாம். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரகுநாத நாயக்கர் காலத்தில் செய்தது. ஏறக்குறைய எட்டு மீட்டர் நீளம், 22 டன் எடை. வார்ப்பு வேலையே கிடையாது. நீள இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, பழுக்கக் காய்ச்சிய வளையங்களை மேலே மாட்டி, அடித்து ஒட்டவைத்த வேலை. நானூறு ஆண்டு மழையிலும் வெயிலிலும் உருக்குலையாமல் நிற்கிறது. இப்படிப்பட்ட கையால் ஒன்றைச் செய்ய முடியும். ஒரே மாதிரி ஆயிரம் செய்வது வேறு வித்தை. அதற்குப் பட்டறை போதாது, அலுவலகம் வேண்டும்.

இனி இடைவெளிக்கு வருவோம். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பின் அந்தக் கைகளுக்கு என்ன ஆயிற்று?

கம்பெனி அந்த ஊரின் பட்டறைத் திறமையை முழுவதும் வீணாக்கவில்லை. வெல்லெஸ்லி அங்கேயே பீரங்கி வண்டிப் பட்டறை ஒன்றை நடத்தச் செய்தார். காரணம் மரம். தெற்கிலும் மேற்கிலும் தேக்குக் காடு. ஆனால் இப்போது அங்கே செய்தது பீரங்கியைத் தாங்கும் வண்டி. பீரங்கியும் மருந்தும் வேறெங்கோ. கல்கத்தாவையடுத்த இஷாப்பூரில் 1787-லேயே வெடிமருந்து ஆலை தொடங்கியாயிற்று. காசிப்பூரில் 1801-இல் பீரங்கி வண்டித் தொழிற்சாலை. இன்றைய அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் தங்கள் மூத்ததாகக் கொண்டாடுவது அந்தக் காசிப்பூரைத்தான். சென்னைக்கென்று ஒரு மருந்து ஆலை இருந்தது. புளியந்தோப்பில் இன்னும் பவுடர் மில்ஸ் சாலை இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணப் பட்டறையும் காலப்போக்கில் சென்னைக்கே போய்ச் சேர்ந்தது.

மறுபக்கம், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் பிறப்பித்த அறிவிப்பு. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட சூட்டோடு தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதே குற்றமாயிற்று. வாங்குவோர் இல்லாத தொழில் எத்தனை நாள் நிற்கும்? வெடியுப்பில் ஏற்கெனவே பீகார் முழுவதும் கம்பெனி கையில். உப்பு அரசின் ஏகபோகம் ஆனதும் உப்பிலியரும் உப்பாரரும் கொத்து வேலைக்கும் மண் வேலைக்கும் இறங்கினார்கள். 1878-இல் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் கடைசி ஆணி. ஆயுதம் வைத்துக்கொள்வதற்கு மட்டுமல்ல, செய்வதற்கும் விற்பதற்கும் உரிமம். பக்கத்துக் குடகில் மட்டும் குடவர்களுக்கு விலக்கு. அது இன்றும் நீடிக்கிறது. குடகு மணமகன் வீட்டில் துப்பாக்கி சுடலாம், நஞ்சன்கூட்டுக் கொல்லர் துப்பாக்கிக் குழல் அடிக்கக் கூடாது.

எஞ்சிய மருந்துக் கைவினை இரண்டு இடத்தில் ஒதுங்கியது. ஒன்று, சட்டத்துக்கு மறைவாக மலையோரங்களில் இன்னும் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கி. மற்றது கோயில் வாணக்காரர்கள். அவர்களுக்குப் பின் சிவகாசி. திப்புவின் ராக்கெட்டுக்கு நேர்வாரிசு யாரென்று என்னைக் கேட்டால் ஸ்ரீஹரிகோட்டாவைச் சொல்லமாட்டேன், சிவகாசியைச் சொல்வேன். அதே கருமருந்து, அதே கையடைப்பு, அதே விபத்து.

அருவங்காடு வேறு உலகம். 1889-இல் ஃபிரடெரிக் ஏபெல், ஜேம்ஸ் டூவர் என்ற இரு வேதியியலாளர்கள் கார்டைட் என்ற புகையில்லா மருந்தை உருவாக்கினார்கள். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துப் பெறும் வெடிபஞ்சு, நைட்ரோகிளிசரின், சிறிது வாசலின். அசிட்டோனில் பிசைந்து இடியாப்பம் போல இழையிழையாகப் பிழிந்தெடுப்பார்கள். எருக்கங்கரிக்கும் தொழுவத்து உப்புக்கும் அதில் இடமே இல்லை. வெடிபஞ்சும் நைட்ரோகிளிசரினும் அமிலத் தொட்டியிலிருந்து. ஆயிரம் ஆண்டுத் தொழில் ஒன்று பத்தாண்டில் பழசாகிவிட்டது. தடைச் சட்டம் இல்லாதிருந்தாலும் நம் வெடியுப்புக்காரர்கள் இந்த இடத்தில் தோற்றிருப்பார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தடை இல்லாதிருந்தால், தோற்கும்போது அடுத்ததைக் கற்றுக்கொள்ளும் இடத்திலாவது இருந்திருப்பார்கள்.

போயர் போரில் பிரிட்டனின் சொந்த இருப்பே தடுமாறியதைப் பார்த்தபின், இந்தியப் படைக்கு வேண்டியதை இந்தியாவிலேயே செய்துகொள்ளும் திட்டம் வேகம் பிடித்தது. 1904-ஐ ஒட்டி மூன்று பெரிய தொழிற்சாலைகள் எழுந்தன: இஷாப்பூரில் துப்பாக்கி, ஜபல்பூரில் பீரங்கி வண்டி, அருவங்காட்டில் கார்டைட். நைட்ரோகிளிசரின் வெப்பத்தில் நிலைகொள்ளாத சரக்கு. ஆறாயிரம் அடி உயரத்துக் குளிர் அதற்குக் காவல். குன்னூர் வரை மலை ரயில் 1899-லேயே வந்துவிட்டது. பக்கத்தில் வெலிங்டன் பாசறை. மின்சாரத்துக்குக் காட்டேரி அருவி. இந்த ஆலைக்காக அங்கே அமைத்த நீர்மின் நிலையம் தென்னாட்டின் மிகப் பழையவற்றில் ஒன்று. ஒரு மலைச்சரிவில் அணை, மின்நிலையம், அமில ஆலை, தொழிலாளர் குடியிருப்பு, ரயில் நிலையம் என்று முழு ஊரே வெடிமருந்துக்காகப் பிறந்தது. படகர் கிராமங்களிலிருந்தும் சமவெளியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வேலை தலைமுறைக்குத் தலைமுறை வீட்டிலேயே தங்கியது. நீலகிரியைத் தேயிலையோடும் சுற்றுலாவோடும் முடித்துவிடுகிற நம் எழுத்தாளர்கள் இந்தத் தொழிலாளி ஊரைக் கண்டுகொண்டதில்லை.

வரைபடம், சூத்திரம், எந்திரம் எல்லாம் இங்கிலாந்திலிருந்து. தரம் சோதிக்கும் அலுவலகம், கூலி விகிதம், விபத்து விசாரணை, பதிவேடு எல்லாம் உடன் வந்தன. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இல்லாதிருந்தது இதுதான். அருவங்காட்டில் இல்லாதிருந்தது தன் சரக்கைத் தானே மாற்றியமைக்கும் உரிமை. என்ன செய்வது, எவ்வளவு செய்வது என்ற உத்தரவு வேறிடத்திலிருந்து வரும்.

விடுதலைக்குப் பின் கதை பெரிதாகிறது. ஆனால் அமைப்பு மாறவில்லை. விடுதலைக்கு முன்பே, 1940-இல் வால்சந்த் ஹீராசந்தும் மைசூர் அரசும் சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை ஒரு விதிவிலக்கு. இந்திய முதலாளியும் இந்திய சமஸ்தானமும் தாமே முடிவெடுத்த முயற்சி அது. போர் நெருக்கடியில் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. அங்கே 1965 இறுதியில் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது, பிரிட்டிஷ் வடிவமைப்பில். 1966-இல் திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை, 1980-களில் அதற்கருகே டாங்கித் துளைப்பான்களுக்கான டங்ஸ்டன் கலவை ஆலை. எல்லையிலிருந்து எட்ட இருக்கும் இடமாகத் தெற்கு பொறுக்கப்பட்டது. எட்ட இருப்பதுதான் தகுதி. உள்ளூர்க் கொல்லர் மரபையோ சேலத்து இரும்பையோ யாரும் கணக்கில் கொள்ளவில்லை.

2021 அக்டோபர் 1-ஆம் தேதி நாட்டின் 41 ஆயுதத் தொழிற்சாலைகளும் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. அருவங்காடு முனிஷன்ஸ் இந்தியாவுக்குப் போனது, திருச்சித் துப்பாக்கி ஆலை வேறொன்றுக்கு, ஆவடி இன்னொன்றுக்கு. தொழிற்சங்கங்கள் 2019 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தன. 2021-இல் பாதுகாப்பு உற்பத்தியில் வேலைநிறுத்தத்தையே தடுக்கும் சட்டம் வந்தது. அவற்றை அதுவரை நடத்திய வாரியம் மந்தமானது, சரக்கின் தரம் பற்றிப் படையினரே குறைப்பட்டார்கள் என்பது உண்மை. ஆனால் பெயர்ப்பலகை மாறியதால் ஆர்டர் கொடுக்கும் கை மாறிவிடவில்லை. 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைத்த தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் பெருவழியில் சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி என்று ஐந்து முனைகள். கோவையின் பம்ப்செட் பட்டறைகளுக்கு நுட்ப வேலை கைவந்த கலை. அங்கே நல்லது நடக்கலாம். வரைபடம் யாருடையது என்பதைப் பொறுத்தது அது.

அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில், அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்துக்குப் பயிற்சிக்குப் போனபோது வரவேற்புக் கூடத்தில் திப்பு படையின் ராக்கெட் போர் ஓவியத்தைக் கண்டதைச் சொல்கிறார். அந்தக் காட்சியைக் கேட்டு மகிழாதவர் இல்லை. ஆனால் கலாம் அங்கே போனது கற்றுக்கொள்ள. மைசூரிலிருந்து யாரும் கற்றுக்கொடுத்து அனுப்பவில்லை. திப்புவைக் கொண்டாடுகிறவர்களும் தூற்றுகிறவர்களும் அரசரைப் பற்றியே சண்டை போடுகிறார்கள். கூடு அடித்த கொல்லரையும் உப்பு வடித்த உப்பாரரையும் இரு தரப்பும் மறந்தாயிற்று. மைசூர்–பெங்களூர் ரயில் பாதையை இரட்டிப்பாக்க ஸ்ரீரங்கப்பட்டணத்து ஆயுதக் கிடங்கு ஒன்று தடையாக நின்றபோது, 2017-இல் அந்தக் கட்டடத்தையே பெயர்த்து நூறு மீட்டருக்கு அப்பால் நகர்த்தி வைத்தார்கள். செங்கல்லுக்குக் காட்டிய அந்த அக்கறையில் கொஞ்சம் ஆட்களின் நினைவுக்கும் காட்டலாம்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அது காலம் கடந்த பேச்சு. அருவங்காட்டுக்கு இல்லை. தாத்தா, அப்பா, மகன் என்று ஒரே வாசலுக்குள் வேலைக்குப் போன குடும்பங்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. ராணுவ இரகசியம் எதையும் அவர்கள் சொல்லவேண்டாம். அமிலப் பிரிவில் வேலை எப்படி இருந்தது, யார் யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், போர்க்காலத்தில் எத்தனை மணி நேரம் நின்றார்கள் என்பதை வாய்மொழி வரலாறாகப் பதிவுசெய்ய ஒரு கல்லூரியின் மாணவர்கள் போதும். உதகையில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து அருவங்காடு பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை.